பெருவிரலுக்கு மாறிய புள்ளி

தமிழ்நாட்டில் அரசுத் துறை ஒன்றில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதுகலைப் பட்டதாரி. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு உயர்நிலைத் தேர்வில் முதல் வகுப்பில் தேறியவன். நான் எழுதிய வரைவுகள் மேலிடத்திலிருந்து திருத்தமின்றித் திரும்பி வரும் என்பது எங்கள் துறையில் பலரும் அறிந்தது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதற்கு முன் என் நிலை இன்னதென்று வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் சொல்கிறேன்.

ஓய்வுக்குப் பின் நானும் மனைவியும் மெல்பர்னில் கிளென் வேவர்லியில் மகள் வீட்டில் வசிக்கிறோம். இங்கும் என் மதிப்புக்குக் குறைவொன்றும் வரவில்லை. சுற்றுவட்டாரத்தில் தமிழ் நிகழ்ச்சி எதுவானாலும் முன்வரிசையில் எனக்கொரு நாற்காலி இருக்கும். பெரும்பாலும் ஒரு பொன்னாடையும் இருக்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், இந்நாட்டில் ஜூனில் குளிர்காலம் தொடங்கிய நேரம். எங்கள் பகுதி மூத்தோர் சங்கம் ஒரு கைநூல் வெளியிடத் தீர்மானித்தது. முதியோர் இல்லங்களில் இருக்கும் நம்மவர் பலர் வயது ஏற ஏற ஆங்கிலத்தை மறந்து தமிழ் மட்டுமே பேசுகிறார்கள். உடம்புக்கு என்ன செய்கிறது என்று அவர்கள் சொல்வது அங்குள்ள பணியாளர்களுக்கு விளங்குவதில்லை. விளங்காததால் வலிக்கு மருந்து கிடைக்காமல் படுத்திருந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். நோவைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள், அவற்றை உச்சரிக்கும் முறை, அவற்றின் பொருள், குடும்பத்தாருக்கான குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்ட நூல் அது.

சங்கத்தின் செயலாளர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற கணக்காளர், எதையும் விரைவில் முடிக்க விரும்புபவர். கணினியைக் கொண்டு மொழிபெயர்த்த மாதிரிப் பக்கம் ஒன்றைத் திரையில் காட்டினார். அதில் 'கூர்மையான வலி', 'மந்தமான வலி' என்றெல்லாம் இருந்தன. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், பிசைதல் எதுவும் இல்லை. நான் எழுந்து, வலியில் கிடக்கும் எந்தத் தமிழரும் 'எனக்கு மந்தமான வலி இருக்கிறது' என்று சொல்ல மாட்டார் என்றேன். நூல் முழுவதையும் நானே எழுதி, நானே தட்டச்சுச் செய்து தருவதாகவும் சபையில் சொன்னேன்.

"அப்ப ஐயாவே செய்யட்டும்," என்றார் செயலாளர். "ஆனா தீபாவளிக்கு முதல் அச்சுக்குப் போக வேணும் ஐயா. பிந்தினா நாங்கள் மெஷினிட்டத்தான் குடுக்க வேண்டி வரும். குறை நினையாதேங்கோ."

குறை நினைக்கவில்லை. சபையில் கொடுத்த வாக்கு அது. நான் தவறினால் என் பெயர் கெடுவது ஒருபுறம் இருக்கட்டும். அந்த 'மந்தமான வலி' அச்சேறி, முதியோர் இல்லச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும்.

மூன்றில் ஒரு பங்கு முடிந்தபோது என் வலது கை மறுத்துவிட்டது. சுண்டுவிரலின் அடியில் தொடங்கிய நோவு, மணிக்கட்டின் வெளிப்புறம் வழியாக முழங்கைவரை ஏறியது. முதலில் கடுப்பு, பிறகு உளைச்சல், அதற்கும் பிறகு விறைப்பு. கைநூலில் அந்த மூன்று சொற்களுக்கும் எழுதிய விளக்கம் என் கையிலிருந்தே வந்தது என்பதை இப்போது சொல்லலாம். மருத்துவர் ஓய்வு கொடுக்கச் சொன்னார். இயன்முறை மருத்துவர் பயிற்சிகள் கொடுத்து, மணிக்கட்டில் ஒரு பட்டையும் கட்டினார். பட்டை வெளியே தெரியாமலிருக்க முழுக்கைச் சட்டை அணிந்துகொண்டுதான் சங்கத்துக்குப் போவேன்.

மகள் சொன்னாள்: "அப்பா, ஃபோன்ல பேசினா அதுவே டைப் பண்ணிடும்ப்பா. எதுக்கு இவ்ளோ கஷ்டப்படறீங்க?"

பேசிப் பார்த்தேன். நான் சொன்ன நோவுச் சொற்களில் பாதியை அது அறிந்திருக்கவில்லை. திருத்துவதற்கு மறுபடியும் விசைகளைத்தான் தட்ட வேண்டியிருந்தது.

"அப்போ அந்த செகரட்டரிகிட்ட முடியலைன்னு சொல்லிடுங்க," என்றாள் என் மனைவி. "தலை ஒண்ணும் போயிடாது."

தலை போகாது என்பது உண்மை. ஆனாலும் சொல்லவில்லை.

ஒருநாள் முற்பகலில், கையை வெந்நீர்ப் பையின் மேல் வைத்துக்கொண்டு, இடது கையால் கணினியில் தேடிக்கொண்டிருந்தேன். 'தட்டச்சு, சுண்டுவிரல், வலி' என்று ஆங்கிலத்தில் தேடியதும் ஓர் இணையக் குழு கண்ணில் பட்டது. கைக்கு நோவு தராத விசைப்பலகைகளைத் தேடுவதும் தாமே செய்துகொள்வதும் அதன் உறுப்பினர்களின் வேலை. அதுவரை விசைப்பலகை என்பது கணினியோடு வரும் பொருள் என்றுதான் நினைத்திருந்தேன். இவர்கள் போட்டிருந்த படங்களைப் பார்த்து வியந்துபோனேன். நடுவில் பிளந்து இரண்டு துண்டான பலகைகள், கிண்ணம் போல் குழிந்தவை, கூடாரம் போல் சாய்ந்தவை. ஒருவர் விசையின் ஓசையைப் பற்றி மட்டுமே பத்தி பத்தியாக எழுதியிருந்தார். அதை ரசித்து வேறு பலர் பதில் எழுதியிருந்தார்கள். நல்ல சங்கீதக் கச்சேரிக்குப் போய்வந்தவர்கள் பேசிக்கொள்வதைப் போலவே இருந்தது.

சேர விண்ணப்பித்தேன். என் பெயரைத் தலைப்பெழுத்துகளோடும் புள்ளிகளோடும் எழுதியதை அந்தத் தளம் ஏற்கவில்லை. இரண்டு முறை முயன்ற பின் அதுவே எனக்கொரு பெயர் வைத்துவிட்டது: 'க்வயட் வாம்பட்'. வாம்பட் என்பது வளை தோண்டி வாழும், கால் குட்டையான, உடல் தடித்த இந்நாட்டு விலங்கு. மாற்றும் வழி தெரியாததால் அப்படியே விட்டேன்.

அலுவலக முறைப்படி, பொருள், பார்வை, விவரம் என்று பகுத்து என் நிலைமையை ஆங்கிலத்தில் எழுதினேன். ஐம்பது ஆண்டுப் பழக்கமுள்ள தமிழ்த் தட்டச்சு முறையில் எழுதுகிறேன் என்றும், அந்த முறையைக் கைவிடும் எண்ணமில்லை என்றும் குறிப்பிட்டிருந்தேன். கீழே பட்டங்களையும் முன்னாள் பதவியையும் சேர்த்திருந்தேன். அரை மணி நேரத்துக்குள் பதில்கள் வரத் தொடங்கின. தாம் அந்தக் குழுவில் படித்ததிலேயே மிக அழகான பதிவு இது என்று ஒருவர் எழுதினார். கேலி என்று நினைத்தேன். கேலி இல்லை என்பது பின்னால் தெரிந்தது. பட்டங்களைப் பற்றி எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: கைகளின் படம் வேண்டும்.

அந்தக் குழுவில் அதுதான் வழக்கமாம். முகம் காட்ட வேண்டியதில்லை. விசைகளின் மேல் கைகள் அமர்ந்திருக்கும் விதத்தை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படமெடுத்துப் போட வேண்டும். சற்றுத் தயங்கிவிட்டுப் பேத்தியிடம் சொல்லி எடுக்க வைத்துப் போட்டேன். என் மணிக்கட்டு வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது என்று சிவப்புக் கோடு போட்டுக் காட்டினார்கள். நாற்காலியை உயர்த்தச் சொன்னார்கள். தட்டச்சு முறையையே மாற்றிக்கொள்ளலாம் என்றும் சிலர் சொன்னார்கள். நல்லெண்ணத்தோடு வந்தவை. ஆனால் எனக்கிருந்த கால அவகாசத்தில் எழுபதைக் கடந்த விரல்களுக்குப் புதிய முறையைக் கற்றுக்கொடுப்பது நடவாத காரியம்.

இரண்டு நாள் கழித்து, அத்தனை ஆங்கிலப் பதில்களுக்குக் கீழே, 'லவுட் ஸ்பூன்' என்ற பெயரிலிருந்து தமிழில் ஒரே ஒரு வரி வந்திருந்தது.

"ஐயா, நீங்கள் புள்ளியை எந்த விரலால அடிக்கிறியள்?"

அந்த வரியைத் திரையில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை விவரிப்பது கடினம். அயல்நாட்டு ரயில் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் நம் ஊர்ப் பேச்சில் மணி கேட்டால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது. நான் கற்ற முறையில் புள்ளி வலது சுண்டுவிரலின் கீழ் இருக்கிறது என்று பதில் எழுதினேன். அடுத்த வரி வந்தது: "நினைச்சனான். சனிக்கிழமை கிரான்பர்னில எங்கட ஆக்கள் கூடுறம். உங்கட புத்தகத்தில கொஞ்சத்தைப் பென்டிரைவில போட்டுக்கொண்டு வாங்கோ."

கூட்டம் என்றதும், தலைவர் வரவேற்பார், ஒருவர் சொற்பொழிவாற்றுவார் என்று எண்ணிக்கொண்டேன். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, வழியில் ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தேன். எந்தக் கூட்டத்துக்கும் வெறுங்கையோடு போவது எனக்கு வழக்கமில்லை. அலமாரியில் எனக்கு வந்த பொன்னாடைகள் இருந்தன. உறை பிரிக்காத ஒன்றைப் பையில் வைத்திருந்தேன். அது எனக்கு முன் யாருக்குப் போர்த்தப்பட்டது என்பதை எவரும் அறிய முடியாது. நம் பொன்னாடைகளின் பயணம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அது நூலகத்தை ஒட்டிய சிறு கூடம். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. நீள மேசைகளில் விசைப்பலகைகள் வரிசையாக இருந்தன. இருபது பேர் இருக்கலாம், ஆளுக்கொரு பலகையின் முன் குனிந்து தட்டித் தட்டிக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூடமெங்கும் தகரக் கூரையில் தூறல் விழுவது போன்ற ஓசை. அரைக்கால் சட்டையும் ரப்பர்ச் செருப்பும் அணிந்த ஒரு பெரியவர் என் கோட்டை மேலும் கீழும் பார்த்தார். "யூ மஸ்ட் பி வாம்பட்," என்று கைநீட்டினார். அதன் பிறகு அந்தக் கூடத்தில் எனக்கு வேறு பெயர் இல்லை.

லவுட் ஸ்பூன் என்பவர் நாற்பதைக் கடந்த பெண்மணி. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுவயதிலேயே இங்கு வந்தவர். மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் பணி. நாள் முழுவதும் கருவியை அழுத்திப் பிடித்து அவருடைய தோளும் கையும் கெட்டு, வேலையை விடும் நிலை வந்ததாம். அப்போது இந்தக் குழுவினர்தான் அறிக்கைகளைத் தட்டச்சு செய்ய ஏற்ற பலகை ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவரே பிறருக்குச் செய்து கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

"வாங்கோ அங்கிள், இருங்கோ. கோட்டைக் கழட்டிப்போட்டு இருந்தா வசதி," என்றார்.

"பரவாயில்லை," என்றேன்.

"சட்டைக்கையையாவது மடியுங்கோ. கையைப் பாக்க வேணும்."

மடித்தேன். பட்டை வெளியே தெரிந்தது. சங்கத்தில் எவரும் பார்க்காததை அந்தக் கூடத்தில் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் அனுதாபம் சொல்லவில்லை. அருகிலிருந்த இருவர் தத்தம் கையிலிருந்த பட்டைகளைக் காட்டி, எந்த வகை நல்லது என்று விவாதிக்கத் தொடங்கினார்கள்.

நான் கொண்டுபோயிருந்த பக்கங்களை அவர் தம் கணினியில் போட்டார். எந்த விசை எவ்வளவு அதிகமாகத் தட்டப்படுகிறது என்பதை நிறத்தால் காட்டும் ஒரு ஏற்பாடு அதில் இருந்தது. திரையில் என் விசைப்பலகை தோன்றியது. பெரும்பாலான விசைகள் நீலம், சில மஞ்சள். வலது ஓரத்தில், சுண்டுவிரலின் இடத்தில் ஒரே ஒரு விசை மட்டும் தணல் போலச் சிவந்து கிடந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அது என்ன எழுத்து என்று ஒருவர் கேட்டார். அது எழுத்தன்று, மெய்யெழுத்தின் தலையில் இடும் புள்ளி என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். தமிழில் ஒரு வரிகூட அது இல்லாமல் எழுத இயலாது என்றும் சொன்னேன்.

"அதைக் கொண்டுபோய் எல்லா விரலிலையும் பலம் குறைஞ்ச விரலில வைச்சிருக்கிறம்," என்றார் அந்தப் பெண்மணி. "அங்கிள், இன்னொண்டு கேக்கிறன். ஸ்பேஸ் எந்தக் கையால அடிக்கிறியள்?"

"வலது பெருவிரல். அப்படித்தான் பயிற்சி."

"அப்ப உங்கட இடது பெருவிரல் இந்த ஐம்பது வருஷமும் என்ன செய்தது?"

நான் யோசித்தேன். உண்மையில் அது ஒன்றும் செய்யவில்லை. அப்படியே சொன்னேன்.

"பென்ஷன்ல இருந்திருக்கு," என்று அவர் சிரித்தார். "அதை வேலைக்குக் கூப்பிடுவம். மற்ற ஒரு எழுத்தையும் நான் தொடமாட்டன். புள்ளி மட்டும் அங்க போகும். கொம்பு, கால், சுழி எல்லாம் இருந்த இடத்திலயே இருக்கும்."

தட்டச்சுப் பயிலகத்தில் பெருவிரலுக்கு இடைவெளியைத் தவிர வேறு பணி கிடையாது. அந்த விதியை அவரிடம் எடுத்துச் சொன்னேன். மறுக்காமல் கேட்டார். "அது இயந்திரத்துக்கு எழுதின விதி அங்கிள். இப்ப கைக்கு எழுதுவம்," என்றார்.

புறப்படும் முன் பொன்னாடையை எடுத்து முறைப்படி அவருக்குப் போர்த்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். ரப்பர்ச் செருப்புப் பெரியவர் அருகில் வந்து, ஜரிகைக் கரையை விரலால் தடவிப் பார்த்து, இவ்வளவு அழகான மேசை விரிப்பை எங்கே வாங்கினீர்கள் என்று என்னைக் கேட்டார். விசைப்பலகையின் அடியில் துணி விரிப்பது அவர்களிடையே பெரிய கலையாம். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், "ஓம், இது சரியான நீளம்தான்," என்று அந்தப் பெண்மணியே தோளிலிருந்து எடுத்து மேசையில் விரித்து அதன் மேல் தம் பலகையை வைத்தார். பலகை வழுக்கவில்லை, ஓசையும் தணிந்தது. எல்லோரும் படமெடுத்துக்கொண்டார்கள். மடித்து அலமாரியில் வைப்பதைவிட அது நல்ல பயன்தான் என்று எனக்கும் பட்டது. அடுத்த கூட்டத்துக்கு எத்தனை கொண்டுவர முடியும் என்று ஒருவர் விசாரித்தார். என்னிடமிருந்த எண்ணிக்கையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதால், பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வந்தேன்.

இரண்டு வாரத்தில் அவரும் கணவரும் பலகையை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். இரண்டு துண்டுகள், இடையில் ஒரு கம்பி. உறை அவரே வீட்டில் முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்த்தது. விசைகளில் எழுத்து ஒன்றும் இல்லை. எழுத்தைப் பார்த்துத் தட்டாதவர்களுக்கு அப்படி வெறுமையான விசை வைப்பதுதான் மரியாதை என்பது அவர்கள் கொள்கை.

மனைவி பெட்டியைத் திறந்து பார்த்தாள். "என்னங்க இது, ரெண்டா ஒடைஞ்சு கெடக்கு. எழுத்தெல்லாம் வேற அழிஞ்சு போயிருக்கு. நான் மட்டும் தனியா இருந்திருந்தா நேரா தெருவோரம் ஹார்டு ரப்பிஷ் குப்பையோட கொண்டு போய் வெச்சிருப்பேன்."

"அன்ரி, உடைஞ்சு கிடக்கிறதுக்குத்தான் இந்த ஆக்கள் கூடின விலை குடுக்கிறவை," என்றார் அந்தப் பெண்மணியின் கணவர். "எங்கட வீட்டுச் சாப்பாட்டு மேசையில சோறு வைக்க இடமில்லை. எல்லாம் கீபோர்ட்தான்."

"உங்களுக்கென்ன, மடியில வைச்சுச் சாப்பிடுறியள்தானே," என்றார் அந்தப் பெண்மணி.

என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். அதைப் பற்றிக் கதைத்தால் திரும்பி வர மாட்டேன் என்றார். மனைவி கொடுத்த இட்லிப் பொடியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பலகை வந்துவிட்டது என்பதால் தொல்லை தீர்ந்துவிடவில்லை. என் சுண்டுவிரல் ஐம்பது ஆண்டு விசுவாசத்தோடு பழைய இடத்துக்கே போனது. அங்கே தட்டினால் ஒன்றும் விழாதபடி அவர் அமைத்திருந்தார். ஒரு பக்கம் முழுவதும் தட்டச்சு செய்துவிட்டுப் பார்த்தால், ஒரு புள்ளிகூட இல்லை. முதல் வகுப்பில் தேறியவனின் தாள் அது. பேத்தி எட்டிப் பார்த்து, "தாத்தா, திஸ் இஸ் நாட் ஈவன் தமிழ்," என்றாள். அந்த வாரம் நூல் ஒரு பக்கம்கூட நகரவில்லை. செயலாளர் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, கஷ்டமெண்டா சொல்லுங்கோ, மெஷின் இருக்குத்தானே," என்றார். நடந்துகொண்டிருக்கிறது என்றேன். அன்றைய நிலையில் அது முழு உண்மையன்று.

குழுவில் எழுதினேன், இம்முறை பொருள், பார்வை எதுவும் இல்லாமல்: விரல் கேட்க மறுக்கிறது. சிட்னியில் பியானோ பழுதுபார்க்கும் ஒருவர் பதில் எழுதினார். விரல் பழக்கத்தை மாற்றும் இசைக்கலைஞர்களுக்குத் தாம் சொல்லும் வழி ஒன்று உண்டாம்: விரல் போகக்கூடாத இடத்தில் சொரசொரப்பான ஒன்றை ஒட்டிவிட வேண்டும். விரல் தானே சுருங்கிக்கொள்ளுமாம். ஒட்டுவதற்கான துணித்துண்டும், விசைகளின் அடியில் வைக்கும், என் கைக்கு இன்னும் இலகுவான சுருள்விற்களும் ஓர் உறையில் அவரிடமிருந்து வந்து சேர்ந்தன. அவரை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

துணித்துண்டை ஒட்டினேன். சுண்டுவிரல் தொட்டுத் தொட்டு மீண்டது. சில நாளில் தொடுவதை நிறுத்தியது. ஒரு காலை, 'குத்தல்' என்று தட்டினேன். இடது பெருவிரல் நான் கேட்காமலே இரண்டு புள்ளிகளையும் வைத்தது. பிறகு அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். தமிழ் தெரியாதவர்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு வாழ்த்து எழுதினார்கள். ரப்பர்ச் செருப்புப் பெரியவர், அந்தச் சொல்லின் பொருள் என்ன என்று கேட்டார். கத்தியால் குத்துவது போன்ற வலி என்றேன். வாழ்த்தை வாபஸ் வாங்கவா என்று கேட்டார்.

பிறகு வேலை ஓடியது. முடித்த பக்கங்களை அந்தப் பெண்மணிக்கும் அனுப்பினேன். தமிழ்நாட்டிலிருந்து வரும் நோயாளிகள் சொல்லும் சில சொற்கள் தமக்கே விளங்குவதில்லை என்று அவர் சொல்லியிருந்தார். அவரிடமிருந்து ஒரு மறுப்பு வந்தது. "அங்கிள், எல்லா இடத்திலையும் வலிக்குது, வலிக்குது எண்டு போட்டிருக்கிறியள். எங்கட ஆக்கள் நோகுது எண்டுதான் சொல்லுவினம். நர்ஸ் உங்கட புத்தகத்தில தேடுவா, காணமாட்டா." என் வரைவில் திருத்தம் சொல்லப்பட்டது நெடுங்காலத்துக்குப் பின் அதுவே முதல் முறை. ஒருநாள் பொறுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு வழக்குகளையும் சேர்த்தேன். நூலின் மிகப் பயனுள்ள பகுதி அதுதான் என்று முதியோர் இல்லங்களில் இப்போது சொல்கிறார்கள்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது முழு நூலையும் செயலாளரிடம் ஒப்படைத்தேன். அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். 'நோகுது' என்ற இடத்தில் நின்றார். "ஐயா, இது எங்கட அம்மா கடைசி வரைக்கும் சொன்ன சொல்லு," என்றார். மெஷின் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

கை முற்றும் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பயிற்சிகளை இன்றும் செய்கிறேன், குளிர் நாளில் உளைச்சல் வரும். ஆனால் முழங்கைவரை ஏறிய அந்த விறைப்பு போய்விட்டது. இந்தப் பக்கங்களையும் அந்த இரண்டு துண்டுப் பலகையில்தான் தட்டச்சு செய்கிறேன். முன்பின் தெரியாத ஒரு வாம்பட்டின் சுண்டுவிரலுக்காக ஒருவர் தம் மாலை நேரங்களைக் கொடுத்தார், ஒருவர் சிட்னியிலிருந்து சுருள்விற்களை அனுப்பினார், இன்னும் பலர் ஒரு சொல்லுக்காக மகிழ்ந்தார்கள். நான் எத்தனையோ பேருக்கு ஆணைகள் வரைந்து கொடுத்திருக்கிறேன். ஒருவருடைய கையைப் பிடித்துப் பார்த்து, எந்த விரல் நோகிறது என்று கேட்டதில்லை. இப்போது சங்கத்தில் யாராவது கையை உதறிக்கொண்டிருந்தால் கேட்கிறேன்.

கடைசியாக ஒன்றைப் பதிவு செய்தாக வேண்டும். கைநூல் வெளியீட்டு விழாவில் சங்கத் தலைவர் என்னைப் பாராட்டிப் பேசும்போது, முதுமையையும் வலியையும் வென்று தமிழுக்கெனத் தனி விசைப்பலகையையே தம் கையால் உருவாக்கியவர் என்றார். அந்தப் பெண்மணிக்கு அன்று மருத்துவமனையில் பணி இருந்ததால் அவர் சபையில் இல்லை. நன்றியுரையில் நான் உண்மையைச் சொன்னேன். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு மேலும் பலமாகக் கைதட்டினார்கள். உள்ளூர்ச் சமூக இதழிலும் அவ்வாறே அச்சாகிவிட்டது. மளிகைக் கடையில் பார்ப்பவர்கள் இப்போதும், "ஐயா, நீங்க கண்டுபிடிச்ச கீபோர்டு எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள்.

அது தவறான செய்தி. அந்த விசைப்பலகையை நான் கண்டுபிடிக்கவுமில்லை, உருவாக்கவுமில்லை. எனக்காகச் செய்து கொடுத்தார்கள்.